சுண்ணாம்பு தடவாத கலயம்

(திருவாதவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். நேரம் கருதிப் பேச்சில் விட்ட சில செய்திகள் அச்சில் சேர்ந்துள்ளன.)



வாதவூரர் பிறந்த மண்ணில் கள்ளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், என்னை அழைக்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “திருவாசகத்திலே ஏதாவது…” என்று ஒருவர் இழுத்தார். எனக்குத் திருவாசகம் கேட்டு அழத் தெரியும், பேசத் தெரியாது. வருவாய்த் துறையில் முப்பத்தோரு ஆண்டு கோப்பு பார்த்தவன் நான். அதில் சில ஆண்டுகள் கலால் பிரிவு. உரிமம், நிபந்தனை, படிவம், இவைதான் எனக்குத் தெரிந்த பதிகங்கள். ஆனால் மாணிக்கவாசகரும் ஒரு வகையில் எங்கள் துறைக்காரர்தானே. அரசன் கொடுத்த கருவூலப் பணத்தோடு குதிரை வாங்கப் போனவர், திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். தணிக்கையில் சிக்கி வைகையின் சுடுமணலில் நின்ற கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. குடியால் அழிந்த வீடுகளை என் தெருவிலேயே பார்த்தவன். ஆகவே குடியை நியாயப்படுத்த வரவில்லை. குடிப்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். மதுவைச் செய்வதற்கு யாருக்கு அனுமதி கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. அதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

கலால் பிரிவில் இருந்தபோது நடந்த ஒன்று. ஊர்ப் பெயர் வேண்டாம். பதனி என்ற பெயரில் ஒருவர் கள் இறக்குகிறார் என்று மொட்டைக் கடுதாசி வந்தது. விடியற்காலையில் போய் மரத்தடியில் நின்றேன். பனையேறி கீழே இறங்கினார், அறுபது வயதிருக்கும். இடுப்பில் பாளை அரிவாள், முதுகில் குடுவை. கயிற்றில் இரண்டு கலயம். ஒன்றில் விரலை விட்டுத் தடவினேன். விரல் வெள்ளையாக வந்தது. அடுத்ததில் விட்டேன், வெறும் ஈரம். கேட்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்: “நேத்து சாயங்காலம் சுண்ணாம்பு தீந்துபோச்சுங்கய்யா. தடவுனா பதனி, தடவலேன்னா கேசு. எனக்குத் தெரியும்.” ஒரே மரம், ஒரே இரவு, ஒரே பாளையின் சாறு. ஒரு கலயத்தில் இருப்பது உணவு, மற்றதில் இருப்பது குற்றம். இது எப்போது கள்ளாகும் என்று கேட்டேன். “நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள ஆயிரும்” என்றார். நான் எழுதவில்லை. கொட்டிவிடச் சொன்னேன்; மரத்தின் வேரிலேயே கொட்டினார். கடமை தவறியதாக இன்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்கிறேன், ஓய்வூதியத்தைப் பிடித்துவிடாமல் இருந்தால் சரி.

அந்தச் சுண்ணாம்பில்தான் இந்தச் சட்டம் முழுவதும் இருக்கிறது. பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு வரை சர்க்கரை. பாளையிலும் காற்றிலும் கலயத்தின் உட்சுவரிலும் இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை உடனே தின்னத் தொடங்கிவிடும். யாரும் எதையும் சேர்க்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம், பூட்டிவைக்க வேண்டாம். மனிதன் ஒன்றுமே செய்யாமல் விட்டால் அது கள். தடுக்கத்தான் ஒருவர் வேலை செய்ய வேண்டும்: சுண்ணாம்பைக் குழைத்துக் கலயத்தின் உள்ளே பூச வேண்டும். அந்தக் காரத்தில் ஈஸ்ட் ஒடுங்கிவிடும். பீருக்கு முளைகட்டிய பார்லி வேண்டும், கொதிகலன் வேண்டும், குளிர்பதன அறை வேண்டும். சாராயத்துக்கு அடுப்பும், வடிக்கும் வாலையும் வேண்டும். கள்ளுக்கு மரமும் மனிதனும் போதும். உலகத்தில் இதைவிடச் சின்ன மது ஆலை கிடையாது. முதலீடு ஒரு கலயம், தொழிலாளி ஒருவர், உற்பத்தி நாளுக்குச் சில லிட்டர்.

இந்தச் சின்ன ஆலையை அரசு கண்காணிப்பது புதிதல்ல. இந்த ஊரில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் கபிலர், பாரி இறந்த பின் பறம்பை விட்டுப் போகும்போது, மதுச்சாடிகள் திறந்தே கிடந்த அந்த மலையை நினைத்து வருந்துகிறார். பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை நமக்குத் தூரமில்லை. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மதுரைத் தெருக்களில் பறந்த கொடிகளை அடுக்கும்போது கள் விற்கும் இடத்தின் கொடியையும் சொல்கிறார். விற்கிறேன் என்று ஊருக்கே தெரிய அறிவிக்கும் கொடி, ஒளிந்து விற்கிறவன் ஏற்றும் கொடி அல்ல. மேலூர் வட்டத்திலேயே, கிடாரிப்பட்டி அழகர்மலைக் குகையில் உள்ள தமிழி எழுத்துகளில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் ஆகியோருடன் ‘பணித வணிகன்’ ஒருவனும் வருகிறான். பாணிதம் என்றால் பாகு. கரும்பா பனையா என்று அறிஞர்கள் முடிவு செய்யட்டும். சமணத் துறவிகளுக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களில் இனிப்பு விற்றவனும் ஒருவன் என்பதே எனக்குப் போதும்.

பிறகு வரி வந்தது. பல்லவர், சோழர் காலத்து வரிப் பெயர்களில் ஈழம்பூட்சி என்று ஒன்று உண்டு. கள் இறக்குவோர் மீது விழுந்த வரி. பிராமணர்களுக்கு ஊர் கொடுத்த சோழர் செப்பேடுகளில், அந்த ஊரின் தெங்கிலும் பனையிலும் கள் இறக்கும் ஈழவர் ஏறக்கூடாது என்று நிபந்தனையே எழுதியிருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உரிம நிபந்தனை இடம் பார்த்தது, சாதி பார்த்தது. ‘வழிபாட்டுத் தலத்திலிருந்து இத்தனை மீட்டர்’ என்ற இன்றைய விதியைப் படிக்கும்போது எனக்கு அந்தச் செப்பேடு நினைவுக்கு வரும்.

வெள்ளைக்காரன் இதை இயந்திரமாக்கினான். 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் மரவரி வந்தது. எந்த மரத்தில் கள் இறக்கலாம் என்று மரத்துக்கு மரம் உரிமம். வரி கட்டிய மரத்துக்கு அடையாளக் குறி. குறியில்லாத மரத்தில் ஏறினால் தண்டனை. விற்பனைக் கடைகள் ஏலம். இந்த முறையில் ஒரு நல்லது இருந்தது: பொறுப்பு மரத்தோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு கெட்டதும் இருந்தது: காசு கடையோடு கட்டப்பட்டிருந்தது. ஏறுகிறவன் கையில் கூலிதான். ஏலம் எடுத்த குத்தகைக்காரன்தான் பணக்காரன் ஆனான். குத்தகைப் பணத்தை மீட்க அவன் குடியைப் பெருக்கியாக வேண்டும். அரசின் கருவூலமும் அவனையே நம்பியிருந்தது. இந்த முக்கோணத்தைப் பார்த்துத்தான் விடுதலை இயக்கம் கள்ளுக்கடை முன்னால் நின்றது. 1921இல் ஈரோட்டு மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் நின்றார்கள். பெரியார் தம் தோப்பில் இருந்த தென்னைகளை ஐந்நூறுக்கும் மேல் வெட்டிச் சாய்த்தார். கோபம் குத்தகைமீதும் கருவூலத்தின்மீதும். அடி விழுந்தது மரத்தின்மேல். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அன்றைய நிலைமை அப்படி. ஆனால் அடி மரத்தின்மேலேயே விழுந்துகொண்டிருப்பது ஒரு பழக்கமாகிவிட்டது.

1937 அக்டோபர் 1. சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். அந்த ஆண்டுச் சட்டம்தான், பத்தாம் எண் சட்டம், இன்று வரை நடப்பில் இருக்கிறது. வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். கள்ளுக்குப் பதில் பதநீர், வெல்லம் என்று பனையேறிகளுக்கு மாற்றுத் தொழிலும் யோசித்தார்கள். சுண்ணாம்பே சட்டத்தின் அளவுகோல் ஆனது. இந்தச் சட்டத்தில் ‘கள்’ என்பதன் விளக்கத்தைப் படித்தால் வியப்பாக இருக்கும்: தென்னை, பனை, ஈச்சை அல்லது வேறு எந்தப் பனை வகையிலிருந்தும் இறக்கிய சாறு, புளித்தாலும் புளிக்காவிட்டாலும் கள்தான். அதாவது பதநீரும் முதலில் கள். பிறகு கருணையால் விலக்கு பெற்ற கள். 1948 காந்தி பிறந்த நாளோடு மாகாணம் முழுவதும் விலக்கு நிறைவுற்றது.

அதன்பின் நடந்தது ஊஞ்சல். 1971 ஆகஸ்ட் 30இல் கலைஞர் ஆட்சியில் விலக்கு தளர்ந்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன. சில ஆண்டுகளிலேயே அதே ஆட்சி அவற்றை மூடியது. 1981 மே 1இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறப்பு. நான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்வது இந்தக் காலத்தைத்தான். 1981இல் தமிழ்நாடு வடிசாலை விதிகள். 1983இல் பீர் ஆலைகளுக்கான விதிகள். அதே 1983 மே மாதத்தில் டாஸ்மாக். முதலில் அது மொத்த விற்பனைக்கு மட்டும். பிறகு 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. பிராந்திக்கும் பீருக்கும் தடை இல்லை.

அன்று மூடப்பட்டது குடி அல்ல. மூடப்பட்டது சிறு கலயம். நூற்றுக்கு நாலைந்து பங்கு ஆல்கஹால் உள்ள, அன்றன்றைக்கே விற்றுத் தீர வேண்டிய, ஊருக்குள்ளேயே செய்யப்படுகிற பானம் குற்றமானது. நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் உள்ள, கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்துப் புட்டியில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கக்கூடிய பானம் சட்டப்படியான சரக்கு ஆனது. 1990இல் மலிவு விலை மது வந்து, 1991 ஜூலையில் ஜெயலலிதா முதல் கையெழுத்தில் போனது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாஸ்மாக்குக்கு ஏகபோகம் கொடுக்கும் பிரிவு இருப்பது எந்தச் சட்டத்தில் தெரியுமா? மதுவிலக்குச் சட்டத்தில். 2023 ஜூனில் ஐந்நூறு கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள். 2023–24இல் அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவும் ராஜாஜியின் சட்டத்தின் கீழ்!

வடிசாலை விதிகளையும் பீர் ஆலை விதிகளையும் வேலை நிமித்தமாக நான் பலமுறை படித்திருக்கிறேன். அவை கெட்ட விதிகள் அல்ல, கண்டிப்பானவை. ஆலையின் வரைபடம், தொட்டிகளின் கொள்ளளவு, இரட்டைப் பூட்டு, உள்ளேயே உட்கார்ந்திருக்கும் அரசு அலுவலர், அவருக்கு அறை, அவருக்கு ஆலை தரும் சம்பளச் செலவு, வைப்புத்தொகை. ஒவ்வொரு வரியும் பெரிய மதில், பெரிய வாயில், லாரி வந்து நிற்கும் எடைமேடை இருக்கும் இடத்தைக் கண்முன் வைத்து எழுதப்பட்டது. கண்காணிக்கும் செலவை யார் தாங்க முடியுமோ அவர்தான் உரிமம் கேட்க முடியும். தென்னந்தோப்பு வைத்திருப்பவரோ, பன்னீர் திராட்சை விற்காமல் அழுகக் கொடுக்கும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயியோ அந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் இரண்டாவது பக்கத்தில் பேனாவை மூடிவிடுவார். தடை என்று எங்கும் எழுதியிருக்காது. அளவே தடை.

இது நமக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைக்க வேண்டாம். 1736இல் இங்கிலாந்தில் ஜின் குடி எல்லை மீறியபோது, சில்லறையில் விற்க ஆண்டுக்கு 50 பவுன் உரிமக் கட்டணம் என்று சட்டம் போட்டார்கள். ஏழை விற்பனைக்காரி 50 பவுனுக்கு எங்கே போவாள்? விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே உரிமம் எடுத்தார்கள். மற்றவர்கள் உரிமம் இல்லாமல் விற்றார்கள். ஏழே ஆண்டில் சட்டத்தைக் கைவிட்டார்கள். அதே நாட்டில், நம் காலத்தில், 1,800 லிட்டருக்குக் குறைந்த வாலைக்கு உரிமம் தருவதில்லை என்று வரித்துறை நெடுங்காலம் சாதித்தது. 300 லிட்டர் வாலை வைத்துக்கொண்டு லண்டனில் சிப்ஸ்மித் என்ற நிறுவனம் போராடி 2009இல் உரிமம் வாங்கியது. அதன்பிறகு அங்கே சிறு வடிசாலைகள் பெருகின. 2002இல் பீர் வரியையும் படியாக்கினார்கள்: ஆண்டுக்கு ஐந்து லட்சம் லிட்டருக்குள் செய்பவருக்குப் பாதி வரி. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் சொந்தக் குடிக்காகப் பீர் காய்ச்சுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அன்று அந்த நாட்டில் பீர் ஆலைகள் நூற்றுக்கும் குறைவு. இன்று 9,000க்கு மேல். ஆலை பெருகியது நல்லதா என்பது வேறு வாதம். விதியில் ஓர் எண்ணை மாற்றினால் யார் தொழில் செய்கிறார்கள் என்பது மாறுகிறது. அதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் பக்கத்து மாநிலங்களும் மாற்றின. கர்நாடகம் 2010இல் விதி திருத்தியது, மறு ஆண்டு பெங்களூரில் முதல் மைக்ரோ புரூவரி திறந்தது. உணவகத்துக்குள்ளேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுப்பது. நம் மேலூர்ப் பிள்ளைகள் சிலர் அங்கே வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் அந்தப் பீரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எந்த ஈஸ்ட், எத்தனை நாள் புளிப்பு என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோவா தன் முந்திரிப் பழச் சாராயமான ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு வாங்கியது. 2016இல் மரபுப் பானம் என்று அறிவித்தது. மத்தியப் பிரதேசம் பழங்குடியினரின் இலுப்பைப் பூச் சாராயத்தை மரபு மது என்று சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கேரளத்தில் கள்ளுத் தொழிலாளருக்கு 1969 முதலே நலநிதிச் சட்டம் உண்டு. கள்ளுக்கடைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் இடையே 400 மீட்டர் வேண்டும். புதுச்சேரியில் கள்ளுக்கடை ஏலம் இன்றும் நடக்கிறது. கடல் தாண்டினால் யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை வாங்கிப் புட்டியில் அடைக்கின்றன. திக்கம் வடிசாலை பெயர் பெற்றது. நடுவில் நாம் மட்டும், பனையை 1978இல் மாநில மரமாக அறிவித்துவிட்டு, அதில் ஏறுகிறவரின் விரலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2017இல் தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதி வந்தது. அதுவும் புளிக்காத பானம்தான். குளிர்பெட்டி, சங்கம், நிறுவனம் என்று வந்ததே தவிர மரத்தடிக்கு வரவில்லை.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

1981க்கும் 1986க்கும் இடையே இந்தப் பக்கத்தில் கள்ளுக்கடைகளைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். அங்கே விற்றதெல்லாம் மரத்திலிருந்து வந்ததா? கடைக்குத் தேவை நூறு குடம், தோப்பில் இறங்குவது முப்பது குடம் என்றால் மீதி எங்கிருந்து வரும்? தண்ணீர், சாக்கரின், குளோரல் ஹைட்ரேட். பல மாநிலங்களில் தூக்க மாத்திரைகூடக் கள்ளில் கலந்தார்கள். குடித்தவருக்கு நரம்பு தளர்ந்தது. கள் உணவு என்று கள் இயக்கத்தார் சொல்வதை நான் மதிக்கிறேன்; அவர்கள் சொல்வது மரத்தடிக் கலயத்துக்குப் பொருந்தும். கடைக் குடத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் இந்த வாதம் ஐம்பது ஆண்டாக ஒரே இடத்தில் சுற்றுகிறது.

இன்னொரு பயம் விஷச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு மரக்காணத்திலும் சாவு. காய்ச்சும்போது பதம் தவறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது தவறு. இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலை ரசாயனம். வாலையில் பதம் தவறி விளைந்ததல்ல, பீப்பாயில் வந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு சட்டசபை தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது, சரிதான். ஆனால் பனையில் ஏறிப் பாளை சீவுகிறவரும், மெத்தனால் பீப்பாய் கடத்துகிறவரும் இன்றும் ஒரே சட்டப் புத்தகத்தின் பக்கங்களில்தான் இருக்கிறார்கள். சட்டம் இந்த இருவரையும் பிரித்துப் பார்க்காதவரை காவலர் யாரைப் பிடிப்பார்? ஓட முடியாதவரைத்தான். முப்பதடி உயரத்தில் இருப்பவரைப்போல ஓட முடியாதவர் யார்?

மூன்றாவது எதிர்ப்பு பெண்களுடையது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதிகாரம்தான் தர முடியும். உரிமம் தரும் இடத்தில் அவர்களை உட்கார வைக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டில் ஒரு கடைக்கு உள்ளூர்க் கட்டுப்பாடு என்றால் அது தூரம்தான். மாநகராட்சி, நகராட்சிகளில் கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 50 மீட்டர். மற்ற ஊர்களில் 100 மீட்டர். நம் ஊர் ஊராட்சி, ஆகவே திருமறைநாதர் கோயில் மதிலிலிருந்து 100 மீட்டர். நெடுஞ்சாலைக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் 500 மீட்டர் என்றது. பிறகு இருபதாயிரம் பேர் வரை உள்ள ஊர்களுக்கு 220 மீட்டர் என்று குறைத்தது. அந்த நாள்களில் நில அளவையர்கள் சங்கிலியோடு அலைந்ததை நான் மறக்கவில்லை. வாசலை நெடுஞ்சாலையிலிருந்து திருப்பி, சுற்றுச்சுவரில் வளைந்து வளைந்து வழி வைத்து, நடக்கும் தூரத்தை 500 மீட்டராக்கிய சாமர்த்தியங்களும் நாட்டில் நடந்தன. மீட்டருக்கு ஊரின் மனசு தெரியாது.

ஊரைக் கேட்கும் முறை வேறு இடங்களில் இருக்கிறது. மராட்டியத்தில் பெண்கள் கோரினால் கடையை வைத்துக்கொள்ளலாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். சீட்டில் இரண்டு சின்னம்: நிற்கும் புட்டி, படுத்த புட்டி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். பாதி வாக்காளருக்கு மேல் புட்டியைப் படுக்கவைத்தால் கடைக்குப் பூட்டு. ராஜஸ்தானில் கச்சபலி என்ற ஊர் 2016இல் அப்படி வாக்களித்துத் தன் கடையை மூடியது. கேரளத்தில் உள்ளாட்சியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற பிரிவு பஞ்சாயத்துச் சட்டத்தில் இருந்தது; 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த காரணம் எளிது, சான்று கிடைக்கவில்லை. நம்மிடம் ஆண்டுக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. கடையை மூடச் சொல்லித் தீர்மானம் போடாத கிராம சபை இந்த வட்டாரத்தில் குறைவாகத்தான் இருக்கும். தீர்மானப் புத்தகத்தில் அது இருக்கும். அதற்குச் சட்ட பலம் இல்லை. மது மாநிலப் பட்டியலில் எட்டாவது பதிவு. மது விற்கும் அடிப்படை உரிமை யாருக்கும் இல்லை என்று 1994இல் கோடே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சட்டசபை நினைத்தால் அந்த அதிகாரத்தில் ஒரு துண்டை ஊருக்குக் கொடுக்கலாம். தடுக்க எந்தத் தீர்ப்பும் இல்லை.

என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது. ஓய்வு பெற்றவன் சும்மா இருக்க முடியாமல் எழுதிப் பார்த்தது. ஒரே பக்கம். விண்ணப்பதாரர் பனையேறியாகவே இருக்க வேண்டும். தோப்புச் சொந்தக்காரராக இருந்தால் ஏறுகிறவரும் கூட்டு உரிமதாரர். மர எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, ஒருவர் ஒரு நாளில் ஏறி இறங்கக்கூடிய அளவு. பழைய மரவரிக் குறி திரும்ப வரட்டும். குறியில்லாத மரத்தின் கள் கள்ளக் கள். மாசி முதல் ஆடி வரை உரிமம், பருவம் முடிந்தால் உரிமமும் முடிந்தது. விற்பனை மரத்தடியில், நண்பகல் வரை. கடை கிடையாது, ஏலம் கிடையாது, வண்டியில் ஏற்றக் கூடாது. வண்டியில் ஏறாத கள்ளில் கலப்படம் செய்ய அவசியமும் இல்லை, இடமும் இல்லை. உரிமக் கட்டணம் ஒரு பெயருக்கு. கிராம சபை ஒப்புதல் கட்டாயம். அதில் பெண்களின் வாக்கைத் தனியாக எண்ண வேண்டும், அவர்களில் பாதிக்கு மேல் வேண்டாம் என்றால் அந்த ஆண்டு ஊரில் உரிமம் இல்லை. உங்கள் ஊர் வேண்டாம் என்றால் நான் வருத்தப்பட மாட்டேன்.

நகரத்து மைக்ரோ புரூவரி, கைவினை வடிசாலை இவற்றுக்கு ஏன் படிவம் எழுதவில்லை என்று நண்பர் கேட்டார். அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், கணக்காயர் இருக்கிறார். இன்று இல்லாவிட்டால் நாளை தங்கள் விதியைத் தாங்களே எழுதி வாங்கிவிடுவார்கள். வாலை வைத்துக் காய்ச்சுவதை ஊருக்குள் விட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை என்பதும் உண்மை. நெருப்பும் ஆவியும் சேர்ந்த தொழில் அது. அதற்கு மதிலும் அலுவலரும் வேண்டும்தான்.

இந்தப் படிவத்தைப் பழைய சகா ஒருவரிடம் காட்டினேன். கடுமையான மனிதர், ஒரு வரியும் பிடிக்காமல் படித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். நண்பகல் ஆனதும் விற்காமல் மிஞ்சிய கள்ளை என்ன செய்யச் சொல்கிறாய், வேரில் கொட்டவா? என் கதை அவருக்குத் தெரியாது. நான் யாழ்ப்பாணத்துச் சமையலையும் கோவாச் சமையலையும் சொன்னேன். மூடாமல் வைத்தால் கள் தொடர்ந்து புளித்துக் காடியாகிவிடும். மீன் குழம்புக்கும் ஊறுகாய்க்கும் ஊற்றலாம். அதற்குக் கலால் உரிமம் வேண்டாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படியானால் அதற்கும் ஒரு கட்டம் போடு” என்றார். போட்டிருக்கிறேன், படிவத்தில் பதினோராவது கட்டம்.